கரை எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஐப்பசி மழையில் வேளச்சேரி மூழ்கும் நேரமாகப் பார்த்து, "இங்கே இருந்து தப்பிச்சு எங்கேயாவது பீச் பக்கம் போயிடலாம்" என்று தீபாவளி லீவோடு சேர்த்து தாய்லாந்தின் கோ சமுய் தீவுக்கோ வியட்நாமின் தா நாங்குக்கோ டிக்கெட் போடுகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. போய் இறங்கினால் அங்கேயும் மழை. பட்டினப்பாக்கத்தில் அலையைத் தூக்கி அடிக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அந்தக் கரைகளிலும் அடிக்கிறது. சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை எது நடக்கிறதோ அதுவேதான் தாய்லாந்து வளைகுடாவின் கோ சமுய், கோ பங்கான், மலேசியாவின் திரெங்கானு, மத்திய வியட்நாமின் ஹோய் ஆன் எல்லாவற்றுக்கும், கொஞ்சம் முன்பின்னாக.

கணவனும் மனைவியுமாக மூன்று மாதம், ஆறு மாதம் என்று கடலோரமாகவே சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு விலையும் விசாவும் அப்புறம். முதலில் மேப்பைத் திறந்து அந்தக் கரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். கிழக்குப் பார்த்த கரையென்றால் அதைச் சென்னை என்று நினைத்துக்கொள்ளலாம்: ஐப்பசி, கார்த்திகையில் போகாதே. மேற்குப் பார்த்த கரையென்றால் அது கொச்சி: வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவம், கடல் கொந்தளிப்பு. புக்கெட், கிராபி, இலங்கையின் காலி, மிரிஸ்ஸா எல்லாம் கொச்சிக் கணக்கு. திருகோணமலையும் அறுகம்குடாவும் சென்னைக் கணக்கு. இலங்கை மாதிரி சின்னத் தீவிலேயே இரண்டு பக்கத்துக்கும் இரண்டு காலண்டர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போய்விட்டால் இந்தக் கணக்கு செல்லாது. பாலி, லோம்போக், புளோரஸ் பக்கம் தோராயமாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழை.

இதை வைத்து ஜனவரியில் சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு வழியைப் போட்டுப் பார்க்கலாம். பொங்கல் முடிந்ததும் கொழும்பு, அங்கிருந்து ரயிலில் காலி, வெலிகம, மிரிஸ்ஸா. டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தக் கரை அமைதியாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தாய்லாந்தின் மேற்குக் கரை: கிராபி, கோ லந்தா, கடைசியாக கோ லிப்பே. லிப்பேயிலிருந்து லங்காவிக்கு நேராகப் படகு உண்டு, ஆனால் சீசனில் மட்டும். மே மாதத்துக்கு அப்புறம் அதை நம்பித் திட்டம் போட்டால் தீவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான்; நம்முடைய சித்திரைப் புத்தாண்டின் உடன்பிறப்பு. அந்த வாரம் பஸ், படகு, அறை எதுவும் கடைசி நேரத்தில் கிடைக்காது. ஏப்ரலை லங்காவி, பினாங்கு என்று ஓட்டிவிட்டு, மே, ஜூனில் மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரையின் பெர்ஹென்தியான் தீவுகள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே விடுதிகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தோனேசியா. பாலியில் ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும் என்பதால் அந்த இரண்டு மாதத்தை லோம்போக்கிலும் புளோரஸிலும் கழித்துவிட்டு, செப்டம்பரில் பாலிக்கு வருவது நல்லது. அக்டோபர் முதல் வாரத்தில் மீனம்பாக்கம்.

இரண்டாவது கணக்கு, நாட்கள். மலேசியாவில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை. இந்தோனேசியாவில் இறங்கியதும் வாங்கும் விசா 30 நாள், விலை 5 லட்சம் ரூபியா, ஒருமுறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். மேலே போட்ட வழியில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் மாதங்கள் இந்த வரம்பைத் தாண்டுகின்றன, அதற்குள் அடங்குகிற மாதிரி நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் இ-விசா 90 நாள் வரை. தாய்லாந்து விதி அடிக்கடி மாறுகிறது. கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்திலேயே பாருங்கள், பழைய வீடியோவை நம்பாதீர்கள். இதில் நிறையப் பேர் வழுக்குவது ஒரே இடத்தில்: இறங்கும் நாளே முதல் நாள். 1ஆம் தேதி இரவு 11.40க்கு முத்திரை விழுந்தாலும் அது ஒரு நாள்தான். 30 நாள் அனுமதி என்றால் 30ஆம் தேதிக்குள் வெளியேறியாக வேண்டும். தாய்லாந்தில் ஒரு நாள் தாண்டினால் 500 பாட், இந்தோனேசியாவில் 10 லட்சம் ரூபியா. இரண்டு பேருக்கும் தனித்தனியாக. தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் இப்போது இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது இடைத்தரகர் தளம்.

பெயர் விவகாரம் நம் ஊர்க்காரர்களுக்கென்றே வாய்த்தது. கணவர் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும். மனைவியுடையதில் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். இ-விசா படிவமோ சர்நேம் இல்லாமல் நகராது. பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதைப் பார்த்து அதிலுள்ள வரிசையிலேயே நிரப்புங்கள். டிக்கெட்டிலும் அப்படியே. ஓர் எழுத்து முன்பின்னானாலும் செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்தக்கூடும். அதே கவுன்டரில் கேட்கும் இன்னொன்று, அந்த நாட்டிலிருந்து வெளியேறும் டிக்கெட். படகில் வெளியேறப் போகிறீர்கள் என்றால் படகு டிக்கெட்டை அச்சடித்து வைத்திருங்கள். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும் என்ற விதி ஒவ்வொரு நாட்டில் நுழையும்போதும் பார்க்கப்படும். ஜனவரியில் கிளம்பி ஜூலையில் இந்தோனேசியா போகிறவருக்கு அடுத்த ஜனவரி வரையாவது செல்லுபடியாக வேண்டும்.

கடலுக்கு வருவோம். மெரினாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்றவற்றம், ஒரு பொருட்டாகவே தெரியாது, ஏனென்றால் இங்கே பெரிய ஓதத்திலேயே வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். கிராபி பக்கத்தில் அது இரண்டு மீட்டரைத் தாண்டும். காலையில் படி அருகே வந்து நின்ற நீள்வால் படகு, மதியம் வற்றிய பிறகு இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும். நடுவில் சேறு, சிப்பி ஒட்டிய பாறை. பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடக்கவேண்டிவரும். சக்கரம் வைத்த பெட்டியை இந்தப் பயணத்துக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். தோளில் மாட்டும் பை, ஆளுக்கு 40 லிட்டர், எடை 8 கிலோவுக்குள்.

இதற்குச் செயலி தேடி அலைய வேண்டாம், தினசரிக் காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் ஓதம் மிகப் பெரிது: ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி மிகச் சிறிது. கிராபி மாதிரி ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் உள்ள கரையில் நாளுக்கு நாள் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்கென்றால் நாளை 9.50. தீவு மாறும் நாளை அஷ்டமி, நவமி பக்கம் வைத்துக்கொண்டால் இறங்குவதும் ஏறுவதும் சுலபம். பாட்டி அஷ்டமி நவமியில் பிரயாணம் வேண்டாம் என்பாள். படகுக்காரனுக்கு அதுதான் வசதி. பவளப்பாறை பார்க்க முகமூடியோடு இறங்குவதற்கும் இதே நாட்கள்தான் நல்லது, நீரோட்டம் குறைவு, தண்ணீர் தெளிவு.

பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவிலுள்ள நீரிணை வேறு ரகம். பசிபிக் கடலின் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்கும் வழிகளில் அது ஒன்று. ஆழமும் அதிகம், ஓட்டமும் அதிகம். ஆசிய விலங்குகளுக்கும் ஆஸ்திரேலிய வகை விலங்குகளுக்கும் நடுவே வாலஸ் கோடு என்று உயிரியல்காரர்கள் சொல்லும் எல்லை ஓடுவதும் அந்த ஆழத்தின் மேல்தான். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக மோதினால் அலை குத்துக்குத்தாக எழும். மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும் என்பதால் முதல் படகைப் பிடிப்பதே புத்தி. வேகப்படகில் முன்பக்க இருக்கையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போட்டு இடுப்பு கழன்றுவிடும். பின்பக்கம், நடுவில் உட்காருங்கள், டீசல் வாடை வந்தாலும் பரவாயில்லை. முதுகுவலிக்காரர்கள் பாடாங் பாய் துறைமுகத்திலிருந்து லெம்பார் போகும் பெரிய ஃபெரியில் போகலாம். நாலைந்து மணி நேரம் ஆகும், ஆனால் லாரிகளோடு சேர்ந்து அவ்வளவாக ஆடாமல் போகும்.

குமட்டல் மாத்திரை குமட்டல் வந்தபிறகு போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். சின்னரிசின் என்றால் புறப்பட 2 மணி நேரம் முன்பே. எது ஒத்துக்கொள்ளும் என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். தூக்கம் வரும், இறங்கியவுடன் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. இரண்டு இட்லி அளவுக்கு எதையாவது தின்றுவிட்டு, போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

குளிக்க இறங்கும்போது ஒன்று. அலைகள் வரிசையாக உடையும் கரையில், நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், புதிதாக வந்தவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. இழுத்துவிட்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், தோற்றுப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்து, பிறகு திரும்புங்கள். மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரைகளில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் தண்ணீரிலேயே இறங்காதீர்கள். மஞ்சள் சரட்டில் தாலி போட்டிருப்பவர்கள் தினமும் கடலில் இறங்குவதானால் சரட்டை உப்புத்தண்ணீரில் ஊறவிடாதீர்கள். காயாமல் கழுத்தில் உராய்ந்து புண்ணாகும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவுவது சாதாரணம்.

ஜெல்லி மீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, ஒட்டியிருக்கும் கொட்டுச்செல்கள் வெடிக்கும். தாய்லாந்துக் கரைகள் பலவற்றில் கம்பத்தில் வினிகர் பாட்டில் தொங்குவது இதற்குத்தான். திருக்கை மீன் முள் குத்தினால் வைத்தியம் நேர்மாறு: பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி நேரமாவது காலை வைத்திருக்க வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை முன்கூட்டியே விலகிவிடும். பாலியில் நாயோ குரங்கோ கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. தள்ளிப்போடக் கூடாது.

கொசுவைப் பற்றிச் சென்னைவாசிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதை மறந்து ராத்திரி மட்டும் மருந்து தடவுகிறவர்கள் நிறைய. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபிறகு கொசு மருந்து. அதில் டீட் (DEET) என்ற மருந்துப்பொருள் 20 முதல் 30 சதவீதம் இருந்தால் போதும். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும், இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் அடுத்த படகுக்குக் காத்திருக்காதீர்கள். சன்ஸ்கிரீன் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள்: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றைத் தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை செய்துவிட்டார்கள்.

உப்பும் ஈரமும் பையைத் தின்னும். ஐந்தாறு வாரத்தில் முதலில் போவது ஜிப். கடலில் நனைந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்ததும் மெழுகுவத்தியால் பல்லில் தேய்த்தால் இழுபடாது. விலை கொடுத்து மைக்ரோஃபைபர் துவாலை வாங்க வேண்டாம், இரண்டு ஈரிழைத் துண்டு போதும். ஒரு மணி நேரத்தில் காயும், தோளில் போடலாம், படகில் தலைக்குக் கட்டலாம், அறையில் விரிக்கலாம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் மூடியில் ரப்பர் உள்ள டப்பாவும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லும். பச்சையாக மாறினால் ஈரம் குடித்து முடிந்தது என்று அர்த்தம். வாணலியில் சிறுதீயில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகும். ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் வெளியே திறந்தால் உள்ளே பனி படியும், பைக்குள்ளேயே அரை மணி நேரம் விடுங்கள். போன் கடலில் விழுந்தால் உடனே அணைத்து, நல்ல தண்ணீரில் காட்டி உப்பைப் போக்கிக் காய வையுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் உப்பு போகாது. பவர் பேங்க் 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும், கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74, கவலையில்லை.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வழி முழுக்கச் சொர்க்கம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சைவர்களுக்குத் தொல்லை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: மலாய் சம்பலில் பெலாசான், இந்தோனேசியாவில் தெராசி; இரண்டும் இறால் விழுது. தாய்லாந்தில் நாம் ப்ளா, வியட்நாமில் நுவோக் மாம். இரண்டும் மீன் சாறு. "காய்கறி மட்டும்" என்று சொன்னால் இவை போகாது. தாய்லாந்தில் "ஜே" என்று கேளுங்கள், மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை. வெங்காயம், பூண்டுகூட இருக்காது. வியட்நாமில் "சாய்". அங்கே சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால், நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கையொட்டிச் சைவக்கடைகள் நிரம்பி வழியும். பினாங்கில் நிம்மதி, ஜார்ஜ் டவுனில் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவிலைச் சுற்றி மெஸ்களும் உண்டு, பொன்னி அரிசியும் கிடைக்கும். கடை அங்கே கெடாய், கப்பல் காப்பால், கட்டில் காத்தில். லங்காவிக்குப் படகு ஏறும் கோலக் கெடாவின் கெடாதான் 1025இல் ராஜேந்திர சோழன் படை போன கடாரம்.

அறையில் சமைக்க 300 கிராம் அரிசி வேகும் சின்ன குக்கர், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். மல்லிகை அரிசி குழையும், ரசத்துக்கு ஆகாது. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் குருமா பொடியில் கசகசா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

பணத்தில் ஒரே ஒரு பொறி. ஏடிஎம் திரையில் "ரூபாயில் கழிக்கட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்க் காசிலேயே எடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. இரண்டு பேர் கார்டும் ஒரே கணக்கில் இருக்கக் கூடாது, ஒரே பையிலும் இருக்கக் கூடாது. வங்கி ஓடிபி வரும் சிம்முக்குக் கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங் போட்டுவிடுங்கள், அங்கே போய்ப் போட முடியாமல் தவிப்பவர்கள் ஏராளம். ஸ்கூட்டர் ஓட்டுவதாக இருந்தால் ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச அனுமதியில் இரு சக்கர வண்டிக்கான முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். கார் முத்திரை மட்டும் இருந்து ஸ்கூட்டரில் விழுந்தால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும். அனுமதி ஒரு வருடம்தான் செல்லும்.

திரும்பும்போது பவளத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் பட்டியலில் இருக்கிறது. கரையில் ஒதுங்கியதை எடுத்தேன் என்று மீனம்பாக்கத்தில் சொன்னால் எடுபடாது.

கடைசியாக, பூட்டிவிட்டுப் போகும் வீடு. ஃபிரிட்ஜைக் காலி செய்து அணைத்து, கதவைத் துணி சொருகித் திறந்தே வையுங்கள். மூடினால் ஆறு மாதத்தில் உள்ளே கருப்புப் பூஞ்சை. வாஷிங் மெஷின் மூடியும் அப்படியே. சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் கரன்ட் பில்லை ஆன்லைனில் கட்டத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் மாதம் ஒரு தடவை ஜன்னலைத் திறந்து மூடவும், மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிடவும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஓடாமல் கிடந்தால் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும், அக்டோபரில் வந்து இறங்கும் அன்றைக்கே பிளம்பரைத் தேட வேண்டியிருக்கும்.